வைப்ரேட்டர் பிசுபிசுக்கிறது, அரிப்பும் இருக்கிறது: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

தோழிகளே, கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்கிறேன். பெயர் போடாததற்கு மன்னிக்கவும். வயது 51, மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. உறவின்போது வறட்சி, வலி. மகளிர் மருத்துவர் வழவழப்புக்கு ஜெல் எழுதிக் கொடுத்துவிட்டு, "வைப்ரேட்டரும் பயன்படுத்திப் பாருங்கம்மா" என்று இருமல் மருந்து சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் வேர்த்துவிட்டது.

ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். சிலிக்கான் என்று போட்டிருந்தது. ஜெல் தீர்ந்த நாட்களில் தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டே மாதத்தில் மேல்பாகம் பிசுபிசுத்து, சுற்றி வைத்த துணியின் நூலெல்லாம் ஒட்டிக்கொண்டது. புதுச் செருப்பு போல ரப்பர் வாடை வேறு. போன வாரம் லேசாக அரிப்பு வந்ததும் நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் போகிறேன்.

நல்ல சிலிக்கான் ஒட்டாது, வாடை அடிக்காது என்று படித்தேன். ஜெல்லி மாதிரி மெத்தென்ற ரப்பரில் செய்த ரகங்களில் நுண்துளை இருப்பதால் எவ்வளவு கழுவினாலும் கிருமி தங்குமாம். மேலே ஆணுறை மாட்டலாம் என்றால், எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும். ஆகவே இதைத் தூக்கிப் போடத்தான் போகிறேன்.

அடுத்தது எப்படிப் பார்த்து வாங்குவது? தண்ணீரில் முக்கிக் கழுவக்கூடியதாக வேண்டும். நீர் சார்ந்த ஜெல்லில் எரிச்சல் தராதது எது? வேகம் கூட்டினால் அந்த இடம் சிறிது நேரம் மரத்துப்போகிறது, உங்களுக்கும் அப்படியா? உள்ளாடைக்கு மேல் வைத்தால் பரவாயில்லையா?

அப்புறம், சத்தம் குறைவாக இருக்க வேண்டும். அடுத்த அறையில் மாமியார். அவருக்குக் காது மட்டும் இன்னும் கூர்மை.