நிபோங் திபால் கடலோரத்தில் விற்பனைக்கு வந்திருக்கும் பழைய துரை பங்களா: நேரில் பார்த்த அனுபவம்

கிரியான் கரை:

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம், சுங்கை ஊடாங் என்ற மீனவக் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குப் போகும் வழியில், செம்பனை மரங்களுக்கு நடுவே தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர் குடியிருக்கும் பழைய துரை பங்களா ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தூண், அகலமான தாழ்வாரம், "120 வருடப் பழமை, கடலுக்கு ஐந்து நிமிடம்" என்று போட்டிருந்தார்கள், விலை 12 லட்சம் வெள்ளி (ரிங்கிட்). போன மாதம் என் கணவரோடும் அப்பாவோடும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்படிப்பட்ட வீடுகளைத் தேடுகிறவர்களுக்கு உதவும் என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். இது பக்கத்துக் கலிடோனியா தோட்டத்தில் இருக்கும் 99 கதவு வீடு இல்லை. அது ராம்ஸ்டென் குடும்பத்தின் வீடு, 1948இல் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டென் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான், அன்றிலிருந்து பேய்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கதைகளைப் படம் பிடிக்க ராத்திரியில் கேமராவோடு வருகிறவர்களுக்கு அந்த வீட்டைச் சுற்றி மூன்று தலைமுறையாக வேலை செய்தவர்கள் யார், எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இந்தப் பக்கம் முழுக்க முதலில் கரும்புதான். 1840களில் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துக் கரும்பு போட்டார்கள், வெட்டிய கரும்பைப் படகில் ஏற்றி அதே கால்வாய் வழியாக ஆலைக்குக் கொண்டுபோனார்கள். நம் ஆட்கள் இங்கே வந்து இறங்கியது அந்தக் கரும்புக்குத்தான், கித்தா (ரப்பர்) அப்புறம் வந்தது. பைராம், டிரான்ஸ்கிரியான் என்று இன்றைக்கும் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் அந்தத் தோட்டங்கள் இருக்கின்றன.

சரி, வீட்டுக்கு வருகிறேன். கீழ்த்தளம் செங்கல், மேல்தளம் பலகை. முன்னால் வண்டி வந்து நிற்க ஒரு முகப்பு, அதற்கு மேலே ஜன்னல் வரிசை வைத்த முன்னறை. கூரைக்கு மேல் இன்னொரு சின்னக் கூரை தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், சூடு அந்த இடைவெளி வழியாக வெளியே போய்விடுகிறது. நல்ல மத்தியான வெயிலில் மேலே நின்றோம், காற்றாடி இல்லாமலே நிற்க முடிந்தது. சமையற்கட்டு பின்னால் தனியாக இருக்கிறது, மூடிய நடைபாதை ஒன்று அதை வீட்டோடு சேர்க்கிறது. என் அப்பாயி இந்த மாதிரி ஒரு பங்களாவில்தான் பாத்திரம் கழுவினார், அந்த நடைபாதையைத் தாண்டி முன்பக்கம் போனதே இல்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அப்பா முன்வாசல் வழியாக ஏறி, எல்லா அறைக்கும் போய், ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து பார்த்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

உடைந்து கீழே கிடந்த ஓடு ஒன்றைத் திருப்பிப் பார்த்தோம், தேனீ முத்திரையும் மார்சேய் என்ற எழுத்தும் இருந்தது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்த ஓடு. ஆனால் இதை வைத்து 120 வருடம் என்று சொல்லிவிட முடியாது, ஓட்டைப் பிறகும் மாற்றியிருக்கலாம். கிராணில் (நில உரிமைப் பத்திரத்தில்) இருக்கும் தேதியும் நிலத்துக்குத்தான், வீடு எப்போது கட்டியது என்று அதில் இருக்காது. வீட்டை விற்றுத் தரும் முகவரிடம் ஆதாரம் கேட்டேன், "அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார். வயதைச் சொல்லி விலையை ஏற்றுகிறவர் அதற்கு ஒரு பழைய வரைபடமாவது காட்ட வேண்டாமா?

கீழ்த்தளச் சுவர்தான் எனக்குக் கவலை. இடுப்பு உயரம் வரைக்கும் யாரோ பிற்காலத்தில் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். அதற்கு மேலே இருக்கும் பழைய சுண்ணாம்புப் பூச்சு முழுக்க உப்புப் பூத்து, விரல் வைத்தால் மாவாக உதிர்கிறது. மாடிப்படிக்கு அடியில் கறையான் மண் ஏறிய கோடு. தரைப் பலகை செங்கால் என்ற கெட்டியான மரம், தட்டிப் பார்த்தால் கணீர் என்று கேட்கிறது, ஆனால் உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. படத்தில் இது எதுவும் தெரியாது, படங்களையெல்லாம் மாடியில்தான் எடுத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு உண்மையான விவரம் கிடைத்தது வீட்டுக்குள் இல்லை. முகவர் கிளம்பிய பிறகு சாலை முனையில் இருக்கும் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம், அங்கே ஒரு தாத்தா, அந்தத் தோட்டத்தில் காவல்காரராக இருந்தவர். அப்பா தான் எந்தத் தோட்டத்துக்காரர் என்று சொன்னதும் அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடல் பக்கம் இருக்கும் மண்கரையும் மதகும் சரியாக இருந்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, பௌர்ணமி, அமாவாசையில் கடல் ஏறும்போது மதகை ஒழுங்காக மூடாவிட்டால் பின்பக்கக் கால்வாய் வழியாக உப்புத் தண்ணீர் சமையற்கட்டு வரைக்கும் வரும் என்றார். அந்த சிமெண்டு பூச்சு எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. கிணற்றுத் தண்ணீர் குளிக்க ஆகும், குடிக்க ஆகாது என்றும் சொன்னார். அப்புறம், வீட்டை விற்கும் சீனக் குடும்பத்தில் பெரிய தவுக்கே (முதலாளி) இறந்த பிறகு சொத்து பற்றிப் பிள்ளைகளுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை என்றும் சொன்னார். இந்த மூன்றில் ஒன்றையாவது விளம்பரமோ முகவரோ சொல்லவில்லை.

எங்களுக்கு வீடு பிடித்திருக்கிறது. அப்பாவுக்கு ரொம்பவே. ஆனால் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. பழைய வீட்டில் வேலை செய்தவர்கள், வாங்கியவர்கள், வாங்கப் போய்த் திரும்பியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

சுண்ணாம்புக் கொத்தனார்:

அக்கா, ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளில் ரொம்ப காலமாகப் பூச்சு வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் சுவரை நான் நூறு இடத்தில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அது அதன் இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் மெதுவாகக் காற்றில் போய்விடும். சிமெண்டு பூசினால் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, சிமெண்டு முடியும் இடத்தில் உப்பைக் கக்கும். நீங்கள் பார்த்த மாவு அதுதான். வழுவழுப்பான பெயின்ட் அடித்தாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது இது. சிமெண்டை முழுக்கச் செதுக்கி எடுக்க வேண்டும், செங்கல் உடையாமல் கையால் எடுக்க வேண்டும், இயந்திரம் வைத்தால் செங்கலின் முகமே போய்விடும். பிறகு சுவரைச் சும்மா காய விட வேண்டும், உப்பை உறிஞ்சி எடுக்கும் பசையைப் பூசிப் பூசி உரிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அடுத்த வருடமே திரும்பக் கூப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு நன்றாக ஊறிய சுண்ணாம்பும் மணலும் கலந்து பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. கடல் தண்ணீர் பின்னால் வருவதை நிறுத்தாமல் இதைச் செய்யக் கூடாது, பணம் வீண். முதலில் கால்வாயும் மதகும், அப்புறம் கூரை, அப்புறம்தான் சுவர்.

உத்திரத்தின் முனை இற்றுப்போனதற்காக முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். இற்ற துண்டை மட்டும் வெட்டிவிட்டு அதே ஜாதி மரத்தில் புதுத் துண்டைப் பூட்டி ஒட்டுப் போடலாம், தெரிந்த தச்சர்கள் பினாங்கில் இன்னும் இருக்கிறார்கள். ஆயர் ஈத்தாமில் சஃபோக் ஹவுஸ் என்ற பழைய மாளிகையைப் போய்ப் பாருங்கள். பாழடைந்து கிடந்த வீடு, 2007இல் சீரமைப்பு முடிந்தது. உங்கள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், சுவரைத் தொட்டுப் பார்த்தால் நல்ல சுண்ணாம்பு எப்படி இருக்கும் என்று கை சொல்லிவிடும்.

பாலிக் பூலாவ்:

நான் பினாங்குத் தீவுப் பக்கம். பூலாவ் பெத்தோங் மீனவக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பழைய பலகை வீடு, ஜாதிக்காய்த் தோட்டத்தோடு விற்பனைக்கு வந்தது, நானும் மாமாவும் போனோம். கம்பத்தில் ஒரு மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) 2004 டிசம்பர் 26 அன்று சுனாமித் தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தைக் காட்டினார். நம் நாட்டில் அந்த அலையில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில்தான், கடலோரத்தில் வீடு பார்க்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வரவே கூடாது. நாங்கள் பார்த்த வீடு அந்த மரத்தைவிட மேட்டில் இருந்தது, மாமா வாங்கிவிட்டார், இப்போது அங்கேதான் இருக்கிறார்.

வக்கீல் ஆபீஸ்:

நான் பட்டர்வொர்த்தில் வக்கீல் அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்). காவல்காரத் தாத்தா கடைசியாகச் சொன்னதுதான் என் கண்ணில் பட்டது. அக்கா, வேறு எதுவும் செய்வதற்கு முன்னால் நில அலுவலகத்தில் அந்த கிராணுக்கு ஒரு தேடல் போடுங்கள். கட்டணம் சொற்பம், விவரம் நிறைய. நான் பார்க்கச் சொல்வது: உரிமையாளர் பெயர் யார் யார், கவியட் (கைமாற்றுவதைத் தடுக்கும் பதிவு) ஏதாவது விழுந்திருக்கிறதா, நிலத்தின் வகை விவசாயமா கட்டடமா, மாற்றித் தர மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற தடை இருக்கிறதா.

பெரியவர் பெயரே இன்னும் கிராணில் இருந்தால், பிள்ளைகளில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. அவர் உயில் எழுதாமல் இறந்து, உயர் நீதிமன்றத்தில் அவர் சொத்தை நிர்வகிக்க நிர்வாகப் பத்திரம் எடுத்திருந்தால், நிர்வாகியாக இருப்பவர் நிலத்தை விற்க நீதிமன்றத்தின் அனுமதியும் வாங்க வேண்டும். வழக்கமான ஒப்பந்தத்தில் மீதிப் பணம் கட்ட மூன்று மாதம், கூட ஒரு மாதம் என்று கெடு போடுவோம், இந்த மாதிரி விஷயத்தில் அந்த அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் கெடு ஓட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் பணம் உள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கும்.

துரை பங்களா என்பதால் இன்னொன்று. வீடு தனி கிராணில் இருக்கிறதா, பெரிய தோட்ட கிராணின் ஒரு மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்க எஸ்டேட் நில வாரியத்தின் அனுமதி வேண்டும். "அளந்து பிரித்துத் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்" என்று சொன்னால் கட்டாதீர்கள்.

விவசாய நிலம் என்றால் வங்கி கடன் குறைவாகத்தான் தரும், கைப்பணம் அதிகம் தேவைப்படும். தங்கும் விடுதியாக நடத்தும் எண்ணம் இருந்தால் நிலத்தின் வகையை மாற்ற வேண்டி வரலாம், அதற்கு மாநில அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். 12 லட்சத்துக்கு வாங்கினால் பெயர் மாற்ற முத்திரை வரி மட்டும் 32,000 வெள்ளி வரும்: முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, ஐந்து லட்சம் வரை 2, பத்து லட்சம் வரை 3, அதற்கு மேலே 4. முகவரின் சிவப்பு அட்டையில் இருக்கும் ஆர்.இ.என். எண்ணையும் (அவருடைய பதிவு எண்) சரிபாருங்கள். முன்பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடவே போடாதீர்கள்.

கிரியான் கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தேடல் போட்டோம். வீடு தனி கிராணில்தான் இருக்கிறது, அது நிம்மதி. வகை விவசாயம். உரிமையாளர் பெயர் இன்னும் பெரியவருடையதுதான். முகவரிடம் கேட்டதற்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் சம்மதம், காகிதம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார், எந்த நீதிமன்றத்தில், என்ன எண் என்றால் பதில் இல்லை. அதனால் நேரே அந்தக் குடும்பத்தின் மூத்த மகளைப் பார்த்துப் பேசினோம், தாத்தாதான் தொலைபேசி எண் வாங்கித் தந்தார். அந்த அம்மா நல்லவர், அப்பாவோடு மலாயில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். விற்கத்தான் ஆசை, ஆனால் ஒரு தம்பி வெளிநாட்டில், அவர் கையெழுத்து வரவில்லை என்று மறைக்காமல் சொன்னார்.

கொத்தனார் தம்பி சொன்ன வரிசையில் வேலைக்குக் கணக்குப் போட்டு, விலையில் அதைக் கழித்துக் கேட்டிருக்கிறோம். நிர்வாகப் பத்திரமும் நீதிமன்ற அனுமதியும் வரும் வரைக்கும் ஒரு காசும் கைமாறாது என்றும் சொல்லிவிட்டோம். மகள் சரி என்றார், விலையைப் பற்றி அவர்கள் குடும்பத்தில் பேசிவிட்டுச் சொல்வார்கள். மதகு பற்றி வடிகால் இலாகாவில் எழுதிக் கேட்டிருக்கிறோம், அந்தப் பதில் எங்களுக்கு விலையைவிட முக்கியம்.

அந்தத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். வீட்டை நாங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) எங்கே இருந்தது, கோயில் எங்கே இருந்தது, யார் யார் குடியிருந்தார்கள் என்று தாத்தா சொல்லச் சொல்ல அப்பா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார். உங்கள் வீட்டுப் பெயரும் அதில் இருக்க வேண்டும்.