வெனிலா பிஸ்கட்டில் வெனிலா இல்லை. உறையில் சொல்ல வேண்டாமா?

கடலைமிட்டாய்:
பிள்ளைக்கு வாங்கிய வெனிலா க்ரீம் பிஸ்கட் உறையைப் பார்த்தேன். முன்பக்கம் வெனிலாப் பூவும் காயும் பளபளவென்று பெரிதாக. பின்பக்கம், ஒட்டிய மடிப்பை விரித்தால் பொடி எழுத்தில் ‘நேச்சர் ஐடென்டிக்கல் ஃபிளேவரிங் சப்ஸ்டன்சஸ்’. என்ன பொருள், எதிலிருந்து எடுத்தது, ஒன்றும் கிடையாது. இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

லேப்கோட்டு:
இருக்கிறது. சுவையூட்டிகள் இங்கே மூன்று வகை: இயற்கை, இயற்கையை ஒத்தது (உங்கள் உறையில் இருக்கும் ‘நேச்சர் ஐடென்டிக்கல்’), செயற்கை. செயற்கைக்கு மட்டும் பெயர் போட வேண்டும். மற்ற இரண்டுக்கும் வகையைச் சொன்னால் போதும். உங்கள் பிஸ்கட்டில் இருப்பது அநேகமாக வெனிலின். காயில் இருக்கும் அதே மூலக்கூறு. 1874-லேயே ஜெர்மனியில் ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். காயிலிருந்து எடுத்துப் போட்டால் பிஸ்கட் பத்து ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது.

கடலைமிட்டாய்:
விலையை யார் கேட்டார்கள்? இன்று பெரும்பாலான வெனிலின் பெட்ரோலிய வழி வரும் குவாயக்கால் என்ற வேதிப்பொருளிலிருந்து செய்யப்படுகிறது. செயற்கை வகையில் சேரும் எத்தில் வெனிலின் போட்டால் பெயர் எழுத வேண்டும், இதற்கு வேண்டாம். இரண்டும் ஆலையில் செய்த சரக்குதானே?

லேப்கோட்டு:
எங்கே செய்தது என்று ஈரல் விசாரிப்பதில்லை. இயற்கை என்றாலே நல்லதா? ஜாதிக்காயில் சாஃப்ரோல் இருக்கிறது, பட்டை என்று விற்கிற காசியாவில் கூமரின் இருக்கிறது; இரண்டும் அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாதவை. இரண்டையும் தனியாகச் சுவையூட்டியாகச் சேர்க்க இங்கே தடை. அப்புறம், ஒரு ஸ்ட்ராபெரி ஃபிளேவரில் பல பொருட்கள் கலந்திருக்கும். அத்தனையும் எழுதினால் போட்டிக் கம்பெனிக்குச் செய்முறையைக் கொடுத்த மாதிரி.

அண்ணாச்சி கடை:
என் கடையில் பின்பக்கம் பார்ப்பவர்கள் எக்ஸ்பைரி தேதிதான் பார்ப்பார்கள். பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கை நீட்டும், அவ்வளவுதான்.

கடலைமிட்டாய்:
அண்ணாச்சி சொன்னதுதான் என் வழக்கு. செய்முறை யாருக்கு வேண்டும்? ஐரோப்பாவில் ‘இயற்கை வெனிலா சுவை’ என்று போட, சுவை தரும் பகுதியில் 95 சதவீதமாவது வெனிலாவிலிருந்தே வர வேண்டும். ‘இயற்கையை ஒத்தது’ என்ற பிரிவையே 2008 சட்டத்தில் எடுத்துவிட்டார்கள்.

லேப்கோட்டு:
எடுத்ததால் என்ன ஆனது? மற்றதற்கெல்லாம் வெறும் ‘ஃபிளேவரிங்’ என்று போட்டால் முடிந்தது. காயா ஆலையா என்றே தெரியாது. நம் உறையில் அதாவது தெரிகிறது.

கடலைமிட்டாய்:
சரி, அது குறைதான். முன்பக்கப் படத்துக்கு என்ன பதில்? காய் சேர்க்காதவர்கள் காயை ஏன் போட வேண்டும்? போட்டால் பக்கத்திலேயே ‘வெனிலா இல்லை, வெனிலின் சேர்த்தது’ என்று அதே அளவு எழுத்தில் போடட்டும்.

லேப்கோட்டு:
படத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஐந்து ரூபாய் பாக்கெட்டில் அந்த வரிக்கு இடம் எங்கே?

அண்ணாச்சி கடை:
பரிசுக் கூப்பன் விளம்பரத்துக்கு இருக்கிற இடத்தில்.