ஆயுத பூஜை அன்னைக்கு ஆபீஸ்ல நீங்க எங்க நிப்பீங்க?

ஓஎம்ஆர் வாசி

சொந்த ஊர் பாளையங்கோட்டை, பொழப்பு சோழிங்கநல்லூர்ல. ஊர்ல இருந்தவரைக்கும் கிறிஸ்தவனா இருக்கத் தனியா மெனக்கெட வேண்டியதில்லை. ஞாயித்துக்கிழமை மணி அடிச்சா கோயிலுக்குப் போவோம், டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸ், சபையில அசனம்னா (பொது விருந்து) பந்தி பரிமாற நிப்போம். இங்க டீம்ல நான் ஒருத்தன்தான்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து கூட்டிப் பெருக்கினோம். மாவிலைத் தோரணம் கட்டினதே நான்தான், டீம்ல நான்தானே உசரம். மானிட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சுக்கிட்டே வந்த பொண்ணு, என் சிஸ்டம்கிட்ட வந்ததும் நின்னு என் மூஞ்சியைப் பார்த்தது. "எனக்கு வேணாம்மா, நான் இயேசுவைக் கும்பிடுறவன். கும்பிடுற மாதிரி நடிக்க மனசு வரலை. பொரி கடலை பொட்டலம் போட ஆள் வேணும்னா சொல்லு, வர்றேன்"னேன். சரிண்ணான்னு அடுத்த சீட்டுக்குப் போயிடுச்சு. மறுநாள் கற்பூரம் காட்டுறப்போ ஓரமா நின்னேன், அப்புறம் உக்காந்து பொட்டலம் போட்டேன்.

டீம் லீட் அடுத்த வாரம் கேன்டீன்ல பிடிச்சுக்கிட்டார். "உங்க ஆளுங்கள்ல சில பேர் அன்னைக்குன்னு பார்த்து லீவு போட்டுருவாங்க. சில பேர் கும்பிட்டுட்டு வீட்ல மூச்சு விட மாட்டாங்க. நீ ஏன்யா நேராவே சொன்ன?" அதுல ஆரம்பிச்ச பேச்சு சிலுவை, பாவம், மன்னிப்புன்னு அவர் கேக்கக் கேக்க நீண்டுக்கிட்டே போச்சு. மனுஷன் இன்னைக்கும் பிரதோஷம் தவறாம மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போறவர்தான். கேள்வி மட்டும் நிக்கலை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க. பிரசங்கம் வேணாம், நடந்ததை மட்டும்.

நாசரேத் தாத்தா

நல்ல காரியம் தம்பி. ஆனா கேட்டாத்தான் சொல்லுவேன்னு இருந்தா எப்படி? "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?"னு ரோமர் 10:14-ல இருக்கே. 1706-ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில வந்து இறங்கும்போது எங்களுக்குச் சொல்லுங்கன்னு யாரும் வரிசையில நிக்கலை. (வந்ததும் அவரு சின்னப் பிள்ளைகளோட உக்காந்து மணல்ல எழுதித் தமிழ் படிச்சாரு. அதையும் சேத்துத்தான் சொல்லணும்.)

திருநெல்வேலி போற ரயில்ல நான் இன்னும் கைப்பிரதி குடுக்கேன். கையில திணிக்க மாட்டேன். "வேதத்துல இருந்து ஒரு தாள், வாங்கிக்கிடுதியளா?"ன்னு கேப்பேன். வேண்டாம்னா விட்டுருவேன். ஒருநாள் திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டுட்டு வந்த ஒருத்தரு வாங்கி, ரெண்டு பக்கமும் படிச்சு முடிச்சாரு. அப்புறம் மஞ்சப் பையில இருந்து ஒரு பன்னீர் இலையை எடுத்து நீட்டினாரு, இலை விபூதி. "ஒங்க தாளை நான் வாங்கினம்லா, எங்க இலையை நீங்க வாங்குங்க" என்னாரு.

எங்க சபையில இதைச் சொன்னப்போ ஆளுக்கொரு தீர்ப்பு. நான் வாங்கிட்டேன். "நான் பூச மாட்டேன் ஐயா, ஆனா நீங்க ஆசையாக் குடுத்ததைத் தட்டவும் மனசில்ல"ன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டு, "நானும் ஒங்க தாளை நம்பிட்டேன்னு சொல்லலையே!" என்னாரு. செய்துங்கநல்லூர் வரைக்கும் பேச்சு ஓயலை.

நைட் டூட்டி

வேலூர்ல நர்ஸா இருக்கேன். தாத்தா, ரயில்ல வேண்டாம்னு சொன்னவர் அடுத்த பெட்டிக்குப் போயிடலாம். கட்டில்ல டிரிப் ஏறிக்கிட்டு இருக்கிறவங்க எங்க போவாங்க? "ஜெபம் பண்ணட்டுமா?"ன்னு ஊசியைக் கையில வச்சிருக்கிற நான் கேட்டா, பிடிக்கலைன்னாலும் தலையாட்டிடுவாங்க. அதனால நானா கேக்கிறதில்லை. அவங்களே கேட்டா பண்ணுவேன், இல்லைன்னா ஆஸ்பத்திரியில ஜெபம் பண்ணன்னே சாப்ளின்னு ஒரு போதகர் இருக்கிறதை மட்டும் சொல்லுவேன். இது கோழைத்தனம்னு எங்க சபையில ஒரு அக்கா சொன்னாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

இந்த ஊர்ல, சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கின ஐடா ஸ்கடரைச் சொல்லாம முடியாது. திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு வீட்டுக்காரங்க வந்து பிரசவம் பார்க்கக் கூப்பிட்டாங்க. டாக்டரா இருந்த அப்பாவைக் கூட்டிட்டுப் போங்கன்னா, ஆம்பளை டாக்டர் வேணாம்னுட்டாங்க. விடியுறதுக்குள்ள மூணு பொண்ணுங்களும் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அந்தம்மா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சுத் திரும்பினது. 1918-ல பொண்ணுங்களுக்குன்னே மருத்துவப் பள்ளியும் தொடங்கினாங்க.

போன மாசம் கொல்கத்தாவுல இருந்து வந்த ஒரு அம்மா, மகனுக்கு ஆபரேஷன். ராத்திரி தூங்காம வராந்தாவுலயே உக்காந்திருந்தாங்க. எனக்கு வங்காளி தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. உடைஞ்ச இந்தியில ரெண்டு பேரும் பேசினோம். காலையில அவங்களாத்தான் கேட்டாங்க, "உன் கடவுள்கிட்ட என் பையனுக்காகச் சொல்லுவியா?"

முடிச்சூர்க்காரன்

நான் கிறிஸ்தவன் இல்லை. வாங்குற பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை சொல்லலாமா?

விடிஞ்சதும் வாட்ஸ்அப்ல வாக்குத்தத்த வசனம் அனுப்புறவங்க என் லிஸ்ட்ல நிறைய. எல்லாம் மியூட். எனக்கு வேலை போனப்போ அதுல ஒருத்தர்கூட போன் பண்ணலை, "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்"னு படம் மட்டும் தவறாம வந்துச்சு.

2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. வடிஞ்சதும் சேறு. பழைய ஆபீஸ் நண்பன் ஒருத்தன் அவங்க சர்ச் பசங்களைக் கூட்டிட்டு, மண்வெட்டியும் பினாயிலுமா வந்து நின்னான். பிரிட்ஜுக்குள்ள அழுகிக் கிடந்ததைக்கூட அவன்தான் வழிச்சுப் போட்டான். அப்போ சாமி பேச்சே எடுக்கலை, சரி. அதுக்கப்புறம் எத்தனை வருஷப் பழக்கம்! அப்பவும் எடுக்கலை. அதுதான் எனக்கு உறுத்துச்சு. அவனுக்கு உசுரா இருக்கிற ஒரு விஷயத்தை என்கிட்ட மட்டும் ஏன் மறைக்கிறான், நான் கோவிச்சுக்குவேன்னா? கடைசியில நானே கேட்டேன். "நீ தப்பா எடுத்துக்குவேன்னு பயந்தேன்டா"ன்னான். எதிராளி இவ்வளவு நாசூக்கா இருந்தாலும் கஷ்டம்தான்யா.

மதுரைப் பொண்ணு

எனக்கு வந்த கேள்வி வேற மாதிரி. மதிய சாப்பாட்டுல கூட வேலை பார்க்கிற அக்கா கேட்டாங்க: "உங்க மதத்துல ஜாதி கிடையாதுன்னு சொல்றீங்க, மேட்ரிமோனியல்ல எல்லாம் கிறிஸ்டியன்னு போட்டு பக்கத்துலயே ஜாதியும் போடுறீங்களே?" திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஜாதிக்காகக் கட்டின சுவரைப் பத்தியும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

சமாளிக்கலாம்னா வார்த்தைக்கா பஞ்சம்? நான் சமாளிக்கலை. "ஆமாக்கா, இருக்கு. இயேசு சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கு"ன்னேன். அக்கா விடுறதா இல்லை. "சரி, உன் கல்யாணத்துக்கு என்ன பண்ணப்போற?"

அன்னைக்கு ராத்திரியே என் ப்ரொஃபைல்ல அந்தக் கட்டத்தை அழிச்சுட்டேன். அப்பா என்கிட்ட முகம் கொடுத்துப் பேச ரொம்ப நாளாச்சு. வர்ற போன்ல எல்லாம் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" சபையில எல்லாரையும்விட சத்தமா அல்லேலூயா சொல்ற குடும்பத்துல இருந்துகூட.

நாசரேத் தாத்தா

தாயி, எம் பேரன் ஒருத்தன் கோயம்புத்தூர்ல வேலையா இருக்கான். அவனும் அந்தக் கட்டத்தைக் காலியாத்தான் விட்டிருக்கான், எங்க வீட்டுலயும் அதே சண்டை. அப்பா போன் நம்பரைத் தனியா அனுப்பி விடு. நானே பேசுதேன்.