அளவான பணத்தில் வீட்டு வேலை: மொத்த கான்ட்ராக்டா, கூலி மட்டுமா?

பழையவீடு:
குளியலறையை இடித்துப் புதிதாகச் செய்ய வேண்டும், சமையலறை வயரிங்கை மாற்ற வேண்டும். கையில் இருப்பது அளவான பணம், கடன் வாங்கப் போவதில்லை. மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாகச் செய்து தருகிறேன் என்கிறார். இரண்டாமவருக்குக் கூலி மட்டும், பொருள் நம் பொறுப்பு. மூன்றாமவர் சொன்ன தொகை மிகக் குறைவு, ஆனால் அதில் என்னென்ன அடங்கும் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. யாரிடம் கொடுக்கலாம்?

ஈரச்சுவர்:
கூலிக்கே விடுங்கள். மொத்தமாக எடுப்பவர் மிச்சம் பிடிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாத இடமாகத்தான் இருக்கும். என் வீட்டில் டைல்ஸ் அழகாக இருந்தது, அதற்கு அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சே இல்லை. ஒரே வருடத்தில் பக்கத்து அறைச் சுவர் ஊறி, பெயிண்ட் உப்பி, எல்லாவற்றையும் உடைத்து முதலிலிருந்து செய்தோம். பொருளை நாமே வாங்கியிருந்தால் அப்படி ஆகியிருக்காது.

தூக்குக்குண்டு:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், நல்ல பொருளை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. தரையும் சுவரும் சேரும் மூலையிலும், குழாய் வெளியே வரும் இடத்திலும் ஒழுங்காகப் பூசாவிட்டால் எந்தப் பிராண்டும் நிற்காது. கூலிக்கு வருபவருக்குப் பொருள் வீணானாலும் நஷ்டமில்லை. கொத்தனார் பூசி முடித்த சுவரை மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து உடைப்பார். யார் முதலில், யார் பிறகு என்று நின்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார்?

ஈரச்சுவர்:
ஆள் வேண்டும், சரி. எங்கள் கான்ட்ராக்டர் வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தார், அதுவும் பணம் வாங்க.

தூக்குக்குண்டு:
அதனால்தான் பணத்தை வேலையோடு பிணைக்க வேண்டும். பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டால் அப்புறம் பிடி நம் கையில் இல்லை. இடிப்பு முடிந்ததும் ஒரு பங்கு. குழாயைச் சுவருக்குள் மூடுவதற்கு முன் உள்ளே தண்ணீர் அழுத்தம் ஏற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஒரு பங்கு. வாட்டர்ப்ரூஃபிங் காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி, 24 மணி நேரமாவது விட்டு, கீழேயும் பக்கத்துச் சுவரிலும் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் டைல்ஸுக்கான பங்கு. கடைசி 10 சதவீதத்தைச் சில வாரம் புழங்கிப் பார்த்துக் கொடுங்கள். இதற்குச் சம்மதிக்காதவர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

மாடிப்படி:
மூன்றாமவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. இடிபாடுகளை அள்ளுவது, பழைய டைல்ஸைப் பெயர்ப்பது, சாரம், இதெல்லாம் அந்தத் தொகையில் இருக்கிறதா? இல்லையென்றால் வேலை பாதியில் இருக்கும்போது ஒவ்வொன்றாகக் கேட்பார், நீங்களும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரே பட்டியலை எழுதி மூவரிடமும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். கையில் 15 சதவீதமாவது தனியாக எடுத்து வையுங்கள், பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது.

பழையவீடு:
பகலில் நான் வீட்டில் இருக்க முடியாது. அதனால் பட்டியலோடு முதலாமவரிடமே பேசப் போகிறேன். டைல்ஸ் மட்டும் நானே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஈரச்சுவர்:
மொத்தமாகக் கொடுப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கொடுப்பதாக இருந்தால் டைல்ஸை அவரிடம் விட்டுவிட்டு, குழாயையும் ஒயரையும் நீங்கள் வாங்குங்கள். டைல்ஸில் குறை இருந்தால் வந்து இறங்கும்போதே கண்ணில் படும், மற்றவை சுவருக்குள் போய்விடும். மூடுவதற்கு முன் அளவு டேப்பைச் சுவரில் பிடித்து ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது எந்த இடத்தில் குழாய் போகிறது என்று தெரிய வேண்டும்.