மேடையில் ஒரு சொல், வீட்டுக்குள் மூன்று காதுகள்

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து (திரியைத் தொடங்கியவர்)

அமெரிக்காவில் கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் நடத்தும் பிரைமரி விவாதங்களை நம் குடும்பங்களில் யார் எப்படிக் கேட்டார்கள் என்று அறிய விரும்பி இத்திரியைத் தொடங்குகிறேன். யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது வேண்டாம். எந்தச் சொல் உங்கள் வீட்டில் யாரைத் தொட்டது, யாரைச் சீண்டியது என்பதை மட்டும் எழுதுங்கள்.

2019 ஜூன் 27 அன்று இரவு, மயாமியில் ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதத்தின் இரண்டாம் நாள் நிகழ்ச்சியைப் பார்க்க என் மாமனார் ஒன்பது மணிக்கு முன்பே தொலைக்காட்சியின் எதிரில் அமர்ந்துவிட்டார். அவருக்கு அப்போது 76 வயது. ஜோ பைடனுக்கும் அதே வயதுதான். ஆங்கிலத்தை நன்றாக வாசிப்பார் என்றாலும் வேகமான அமெரிக்கப் பேச்சு அவருக்குப் பிடிபடாது என்பதால் திரையின் அடியில் எழுத்து ஓடவிட்டுப் பார்ப்பார். அந்த எழுத்து, பேச்சுக்குச் சில நொடிகள் பிந்தித்தான் வரும். மேடையில் பத்துப் பேர் நின்று ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்ட அந்த இரவில், ஒருவர் சொன்னதை அவர் இன்னொருவர் கணக்கில் எழுதிவிடுவார். "இவர் நியாயமாகப் பேசுகிறார்" என்று அவர் பாராட்டிய ஒரு வாக்கியம், அப்போது திரையில் தெரிந்தவருடையது அல்ல என்பதை நான் இரண்டு முறை திருத்தினேன். மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.

அன்று 38 வயதான எரிக் ஸ்வால்வெல் என்ற வேட்பாளர், தீப்பந்தத்தைப் புதிய தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 32 ஆண்டுகளுக்கு முன் சொன்னவரே பைடன்தான் என்று நினைவூட்டி, இப்போது அவரே ஒப்படைக்கட்டும் என்றார். பந்தம் இன்னும் தன் கையில்தான் இருக்கிறது என்று பைடன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். மாமியார் அதுவரை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "சாவிக்கொத்தைக் கேட்டு வாங்குகிற மருமகளை எந்த மாமியாருக்குப் பிடிக்கும்? அதுவாக இடுப்புக்கு வர வேண்டும்" என்றார். அது எனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிய கேள்விதான் மாமனாரை நிமிர்ந்து உட்கார வைத்தது. தனியார் காப்பீட்டை ஒழித்துவிட்டு அரசுத் திட்டத்தை ஏற்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது பெர்னி சாண்டர்ஸும் கமலா ஹாரிஸும் தூக்கினார்கள். எங்கள் ஆதரவில் குடியேறிய மாமனார், 65 வயது தாண்டியும் ஐந்தாண்டுகள் இங்கே தொடர்ந்து வசித்த பிறகே மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர முடிந்தவர். எல்லோருக்கும் மெடிகேர் என்ற முழக்கத்தில் அவர் காதில் விழுந்தது 'எல்லோருக்கும்' என்ற சொல்தான். வரிசை இன்னும் நீளுமே என்ற கவலை அது. கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த 19 வயது மகளுக்கோ அந்தச் சொல்தான் முழக்கத்தின் முழு அழகு. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு கை தூக்கியதாக மறுநாள் ஹாரிஸ் விளக்கம் சொன்னபோது, மேடையில் நின்றவருக்கே அப்படியென்றால் தன்னைக் குறை சொல்வானேன் என்று மாமனார் என்னைப் பார்த்தார்.

மகள் அன்று எங்களோடு உட்காரவே இல்லை. மாடியில் இருந்தபடி, இனப்பாகுபாட்டை ஒழிக்கப் பள்ளிப் பேருந்தில் அனுப்பப்பட்ட சிறுமி நான்தான் என்று ஹாரிஸ் பைடனிடம் சொன்ன ஒரு துண்டை மட்டும் கைப்பேசியில் பலமுறை பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை காப்பி நேரத்தில் அவளும் தாத்தாவும் விவாதத்தைப் பற்றி அரை மணி நேரம் வாதாடினார்கள். இரண்டு மணி நேரம் பார்த்தவரும் இரண்டு நிமிடம் பார்த்தவளும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவதாகவே நம்பினார்கள்.

வெஸ்ட் டி மொயின், அயோவாவிலிருந்து

நான் இங்கே வந்து பதினைந்து ஆண்டுகள் கடந்தும் பச்சை அட்டை வரிசையில் நிற்பவன். ஆனால் இங்கேயே பிறந்த என் மகன், தேர்தல் நாளுக்குள் 18 வயது நிரம்பிவிடும் என்பதால், 17 வயதிலேயே அயோவா காக்கஸில், அதாவது கட்சி ஆதரவாளர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், கலந்துகொள்ளத் தகுதி பெற்றிருந்தான். 2020 பிப்ரவரி 3 அன்று இரவு அவனைக் காரில் அழைத்துச் சென்று, பார்வையாளர்களுக்கு ஒதுக்கிய சுவரோர நாற்காலியில் அமர்ந்துகொண்டேன்.

அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் காக்கஸில் வாக்குப் பெட்டி கிடையாது என்பதை மற்ற மாநிலத்தவருக்காகச் சொல்கிறேன். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஆதரவாளர்கள் போய் அங்கே நிற்க வேண்டியிருந்தது. பொதுவாக 15 விழுக்காடு சேராத அணியினர் கலைந்து வேறு மூலைக்குப் போக முடிந்தது. ஆகையால் எந்தத் தலைமுறை எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. சாண்டர்ஸ் மூலையில் தோள்பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்த பிள்ளைகள். பைடன் மூலையில், யாரோ முன்யோசனையோடு கொண்டுவந்து விரித்த மடக்கு நாற்காலிகள். உள்ளே நுழைந்தவர்களிடம் கேட்டு எடுத்து, பின்னர் வெளியான நுழைவாயில் கணிப்பும் அதையேதான் சொன்னது: 30 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் சாண்டர்ஸ் பக்கம், 65 வயதைத் தொட்டவர்களில் மூன்றில் ஒருவர் பைடன் பக்கம். 2016-இல் அதே அயோவாவில் சாண்டர்ஸுக்குக் கிடைத்த இளையோர் பங்கு 84 விழுக்காடு.

பைடனின் அணி எங்கள் கூடத்தில் 15 விழுக்காட்டை எட்டவில்லை. கலைந்தவர்களில் எங்கள் தெருவில் வசிக்கும், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரும் இருந்தார். மகன் அவரிடம் போய், காலநிலை மாற்றத்தைப் பற்றியும் கல்விக் கடனைப் பற்றியும் தான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் ஒப்பித்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முந்தைய மாதம் டிரேக் பல்கலைக்கழகத்தில் நடந்த விவாதத்தில் எலிசபெத் வாரன் சொன்ன ஒரு கணக்கை அவனிடம் சொன்னார். மேடையில் நின்ற ஆண்கள் எல்லோரும் சேர்ந்து பத்துத் தேர்தல்களில் தோற்றவர்கள் என்பதும், போட்டியிட்ட எல்லாத் தேர்தலிலும் வென்றவர்கள் அங்கிருந்த இரு பெண்கள்தான் என்பதும் அந்தக் கணக்கு. "உன் பட்டியலில் இருப்பது எல்லாமே எனக்கும் வேண்டும், மகனே. ஆனால் வெல்லக்கூடியவர் யார் என்பதுதான் என் பட்டியலில் இருக்கும் ஒரே வரி" என்று சொல்லிவிட்டு வாரன் மூலைக்குப் போனார்.

திரும்பும் வழியில் மகன், அந்த அம்மையாருக்கு நம்பிக்கை இல்லை என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல தேர்தல்களில் தோற்ற பக்கம் நின்றவருக்கு, யாரால் வெல்ல முடியும் என்பதே முதல் கொள்கையாகிவிடுகிறது. ஒரு தேர்தலிலும் தோற்காத பதினேழு வயதுக்கு அது கோழைத்தனமாகத் தெரிகிறது. (முடிவைத் தெரிவிக்க வேண்டிய செயலி பழுதானதால், அன்றிரவு யார் வென்றார் என்பதே தெரியாமல் இருவரும் தூங்கினோம்.)

ஹூஸ்டன், டெக்சாஸிலிருந்து

நான் 1971-இல் இந்நாட்டுக்கு வந்தவன்; வயதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பர் 12 அன்று எங்கள் ஊரின் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த விவாதத்தைப் பேரனோடு பார்த்தேன்.

ஹூலியான் காஸ்ட்ரோ என்ற வேட்பாளர் அன்று பைடனைப் பார்த்து, இரண்டு நிமிடத்துக்கு முன் சொன்னதை மறந்துவிட்டீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிய வாதமாகவே அது இருந்திருந்தாலும் எனக்கு அப்படிக் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று நான் தேடும்போது வீட்டில் எழும் அதே சிரிப்பாகவே கேட்டது. பேரன் அதில் தவறு எதையும் காணவில்லை. விமானம் ஓட்டுபவருக்குக் கண் பரிசோதனை செய்வது அவமதிப்பா என்று கேட்டான். இன்றுவரை அவனுக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. அதே இரவில், பிள்ளைகள் அதிகச் சொற்களைக் கேட்க வேண்டும் என்பதற்காக இரவில் ரெக்கார்டு பிளேயரைப் போட்டுவையுங்கள் என்று பைடன் சொன்னபோது, அவன் அது என்னவென்று கேட்க, நான் மாடி அலமாரியிலிருந்து இறக்கிக் காட்டினேன். முள் இல்லாததால் அது பாடவில்லை.

எங்கள் வீட்டில் உண்மையில் பிளவை உண்டாக்கிய சொல் 'சோசலிசம்'. உங்கள் சோசலிசத்துக்கும் வெனிசுவேலாவில் நடப்பதற்கும் என்ன வேறுபாடு என்று நெறியாளர் ஹோர்ஹே ராமோஸ் கேட்க, சாண்டர்ஸ் கனடாவையும் ஸ்காண்டிநேவிய நாடுகளையும் காட்டினார். என் மனம் அவ்விரு இடங்களுக்கும் போகவில்லை; ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சென்னைக்குப் போனது. பேரனின் மனம், டொரன்டோவில் கை முறிந்து, ஒரு டாலரும் கட்டாமல் மருத்துவமனையிலிருந்து வந்த தன் நண்பனிடம் போனது. இருவரும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி குறுக்கிட்டு, தஞ்சாவூரில் தன் தந்தை இறந்த பிறகு நான்கு பிள்ளைகளை வளர்த்தது ரேஷன் அரிசிதான் என்றாள். மணமாகி நாற்பத்தாறு ஆண்டுகளில் நான் அதை முதல் முறையாகக் கேட்டேன். ஒரே தலைமுறையைச் சேர்ந்தவர்கள் ஒரே காதோடு கேட்பதாக எழுதும் செய்தியாளர்களைக் கண்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆர்லிங்டன், வர்ஜீனியாவிலிருந்து

இதுவரை எழுதிய பெரியவர்களுக்கு வணக்கம். எனக்கு 24 வயது. எல்லோரும் ஜனநாயகக் கட்சியைப் பற்றியே எழுதியிருப்பதால், 2023 ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கியில் நடந்த குடியரசுக் கட்சி விவாதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்த விவேக் ராமசாமி மேடையின் நடுப்பகுதியில் நின்றதை அப்பா நண்பர்களுக்கெல்லாம் தொலைபேசியில் அறிவித்துக்கொண்டிருந்தார். மேடையில் இருந்தவர்களில் அவர்தான் இளையவர், 38 வயது. நானும் என் அண்ணனும் அவரை விரும்புவோம் என்று அப்பா முடிவே செய்துவிட்டார். ஆனால் வாக்களிக்கும் வயதை 25 ஆக உயர்த்த வேண்டும், அதற்கு முன் வாக்கு வேண்டுமானால் குடிமைத் தேர்வு எழுதுங்கள் அல்லது நாட்டுக்குச் சேவை செய்யுங்கள் என்று முன்மொழிந்தவர் அவர். என் கையிலிருந்து வாக்குச் சீட்டைப் பிடுங்க நினைப்பவர் என் தலைமுறையின் குரல் எப்படி ஆவார் என்று கேட்டேன். குடியுரிமைக்காக நாங்கள் எழுதாத தேர்வா என்று அப்பா திருப்பிக் கேட்டார். அது நல்ல பதில்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இளம் வாக்காளர்களின் காலநிலை மாற்றக் கவலையைக் கட்சி எப்படித் தீர்க்கும் என்று ஒரு கல்லூரி மாணவர் காணொளியில் கேட்டார். மனிதச் செயல்தான் காரணம் என்று நம்புபவர்கள் கை தூக்குங்கள் என்று நெறியாளர் சொன்னதும், நாங்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்ல என்று ரான் டிசாண்டிஸ் மறித்தார். காலநிலை மாற்றத்தின் பெயரால் முன்வைக்கப்படும் திட்டங்கள் புரட்டு என்றார் ராமசாமி. நிக்கி ஹேலி மட்டும் அது உண்மையான பிரச்சினைதான் என்று தொடங்கிப் பேசினார். என் கணிப்பில், இளையவராக நின்றவர் அன்று பேசியது என் அப்பாவிடம். எழுபத்தெட்டு வயதில் சாண்டர்ஸ் பேசியதோ, மேலே எழுதிய ஐயாவின் பேரனிடம்.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து

பகிர்ந்த எல்லோருக்கும் நன்றி. எங்கள் மாநிலத்துக்கு முறை வந்தது 2020 ஜூலை 7 அன்று. சாண்டர்ஸ் ஏப்ரலிலேயே விலகிவிட்டதால் பந்தி முடிந்தபின் இலை போட்டதைப் போலத்தான் நாங்கள் வாக்களித்தோம்.

ஆனால் மார்ச் 15 அன்று நடந்த கடைசி விவாதத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. கொரோனா காரணமாக ஃபீனிக்ஸிலிருந்து வாஷிங்டன் அரங்கத்துக்கு மாற்றப்பட்டு, பார்வையாளர்கள் இல்லாமல், பைடனும் சாண்டர்ஸும் முழங்கையால் வணங்கிக்கொண்டு பேசிய இரவு அது. கல்லூரி மூடப்பட்டு அந்த வாரம்தான் மகள் வீடு வந்திருந்தாள். போக வேறு இடமும் இல்லாததால் முதல் முறையாகத் தாத்தாவின் பக்கத்தில் அமர்ந்து முழுவதையும் பார்த்தாள். மேடையில் இரண்டே பேர் என்றாலும் எழுத்து பிந்தித்தான் ஓடியது. துணை அதிபர் வேட்பாளராக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பேன் என்ற வாக்குறுதி திரையின் அடியில் வந்தபோது சாண்டர்ஸின் முகம் தெரிய, மாமனார் அவரைப் பாராட்டத் தொடங்கினார். "இல்லை தாத்தா, அது பைடன் சொன்னது" என்று மகள் அவர் கையைத் தொட்டுச் சொன்னாள். அதன்பின் நிகழ்ச்சி முடியும்வரை, ஒவ்வொரு வரி ஓடும்போதும் அது யாருடையது என்று அவள் மெல்லப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.