திருமலையிலிருந்து பாரிசுக்கு நாலு பெண்கள்: உடுப்பும் துணியும் பார்க்கிற பயணத்துக்கு யோசனை வேணும்

உப்புவெளிக்காரி:

வணக்கம். ஜூன் கடைசியில் பத்து நாளுக்கு நாலு பெண்கள் பாரிஸ் போக யோசிக்கிறம். எல்லாரும் திருகோணமலை. இரண்டு பேர் தையல் செய்யிறவை, ஒராள் வெள்ளிக்கிழமை மரக்கறி, மற்றவ கிண்ணியா, ஸ்காஃப் போடுறவ. ஈபிள் கோபுரத்துக்கு முன்னால படம் எடுக்க மட்டும் போகேல்லை. பிரெஞ்சுப் பெண்கள் என்ன உடுக்கினம், உடுப்பு எப்பிடி வெட்டித் தைச்சிருக்கு, சாப்பாட்டு மேசையில் எப்பிடி நடக்கினம் எண்டதைக் கிட்ட நிண்டு பார்க்கவேணும். பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில் ஒராளின்ர மாமி தன் வீட்டில் நிக்கச் சொல்லுறா. விசாவுக்கு ஹோட்டல் நல்லமோ மாமி வீடு நல்லமோ? என்ன உடுப்புக் கொண்டுபோறது?

கோட்டைவாசல்:

விசாவை மட்டும் சொல்லுறன். மாமி வீடு எண்டால் அவ தன் நகரசபையில் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' எண்ட வரவேற்புப் பத்திரம் எடுத்து, மூலப் பிரதியைக் கூரியரில் அனுப்பவேணும். முத்திரைக் காசு 30 யூரோ. நகரசபை வீட்டின் அளவையும் அவவின்ர வருமானத்தையும் பார்க்கும், கிழமைக்கணக்கில் இழுபடலாம். நாலு பேரும் ஒரு குடும்பம் இல்லை எண்டபடியால் ஆளுக்கொரு பத்திரம். நாலு விருந்தாளிக்கு அந்த வீட்டில் இடம் காணாது எண்டு மறுக்கவும் கூடும். மருமகள் மட்டும் மாமி வீட்டுப் பத்திரத்தில், மற்ற மூண்டு பேரும் ஹோட்டல் பதிவில் விண்ணப்பிக்கிறதுதான் புத்தி.

காட்டவேண்டிய காசு: ஹோட்டல் பதிவு இருந்தால் ஆளுக்கு நாளுக்கு 65 யூரோ, வரவேற்புப் பத்திரம் இருந்தால் 32.50, இரண்டும் இல்லாட்டி 120. காப்புறுதி குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, இந்த விசா செல்லுபடியாகிற செங்கன் நாடுகள் முழுக்கச் செல்லுபடியாகவேணும். பாஸ்போர்ட் பத்து வருசத்துக்குள் எடுத்ததாயும், திரும்பி வாற நாளுக்குப் பிறகு மூண்டு மாதம் செல்லுபடியாயும் இருக்கவேணும். இரண்டு பக்கம் வெறுமையாய் வேணும். பயணத்துக்கு ஆறு மாதம் முந்தியே விண்ணப்பிக்கலாம். கைரேகைக்கு நீங்களே கொழும்புக்குப் போகவேணும், ஆள் அனுப்பேலாது.

சறுக்கிற இடம் பெரும்பாலும் திகதிகள்தான். விமானம் 20ஆம் திகதி இறங்குது, காப்புறுதி 21இல் தொடங்குது, ஹோட்டலில் ஒரு இரவு குறையுது எண்டால் அந்த ஓட்டை உடன தெரியும். விண்ணப்பத்துக்கு முதல் கிழமை திடீரெண்டு கணக்கில் பெருந்தொகை போடுறதும் உதவாது. அது எங்க இருந்து வந்தது எண்டுதான் பார்ப்பினம்.

ஊசிநூல்:

தையல் தெரிஞ்சவைக்கு முதல் இடம் மொம்மார்த்ர் அடிவாரத்துத் துணிச்சந்தை, மார்ஷே சான் பியேர். தமிழ்க்கடைகள் இருக்கிற லாச்சப்பலில் 2ஆம் இலக்க மெற்றோ ஏறினால் இரண்டாவது தரிப்பு, ஆன்வேர். பல மாடியில் துணி. சுத்தியுள்ள சிறு கடைகளில் 'கூப்போன்' எண்டு பெரும்பாலும் மூண்டு மீற்றர்த் துண்டாக விற்கினம். அகலம் அநேகமாக 140 சென்ரிமீற்றர். எங்கட 45 அங்குலத் துணியை மனசில வைச்சுக் கணக்குப் பார்த்தால் தேவைக்கு மேல வாங்கிப்போடுவியள். அளவு நாடா கொண்டுபோங்கோ. இந்தக் கடைகளில் பேரம் பேசுறதில்லை. ஞாயிறு போகாதேங்கோ.

வெட்டும் தையலும் பார்க்க மூண்டு இடம். பலே கலியேரா பாரிஸ் நகரத்தின்ர உடுப்பு அருங்காட்சியகம், திங்கள் பூட்டு. கண்காட்சி மாறுற இடைவெளியிலும் பூட்டுவினம், போக முதல் பாருங்கோ. ரிவோலி வீதியில் அலங்காரக் கலை அருங்காட்சியகம், அதுவும் திங்கள் பூட்டு. மொன்தேய்ன் அவென்யூ மூலையில், பிரான்சுவா முதலாம் வீதியில், உடுப்பு வடிவமைப்பாளர் டியோரின்ர காலரி 2022இல் திறந்தது, செவ்வாய் பூட்டு. அதுக்கு நேரம் குறிச்சு இணையத்தில் முதலே ரிக்கெற் எடுக்கிறது நல்லம். 1947இல் டியோர் காட்டின இடுப்பு இறுக்கிய சட்டையைப் பார்த்தால், எங்கட பிளவுசில் டார்ட் பிடிக்கிற ஆளுக்கு ஒரு நாள் காணாது.

மலிவு விற்பனை, 'சொல்த்', பெரும்பாலும் ஜூன் கடைசிப் புதன் தொடங்கி நாலு கிழமை. முதல் நாள் எல்லா அளவும் இருக்கும், விலை அவ்வளவு இறங்காது. போகப்போக விலை இறங்கும், அளவு இராது. பிரெஞ்சு 38 எண்டால் பிரிட்டிஷ் 10. சப்பாத்து 38 எண்டால் பிரிட்டிஷ் 5.

என்ன உடுக்கிறது எண்டால்: கைத்தறிச் சாரி தாராளமாய்க் கட்டுங்கோ. அதுக்கு மேல நல்லாப் பொருந்தின ஒரு ஜக்கெற். பார்க்கிறவை துணியையும் பொருத்தத்தையும்தான் கவனிப்பினம். ஜூன் கடைசியில் வெயில் கொளுத்தவும் கூடும், மழையும் வரும்; குதிச் சப்பாத்து கல்லுத் தெருவில் மடங்கும். தாலிக்கொடியைச் சட்டைக்குள்ள விடுங்கோ, விமான நிலைய ஆர்.இ.ஆர். ரயிலில் முக்கியமாய். மொம்மார்த்ர் மேட்டுச் சாக்ரே கேர் தேவாலயப் படியில் கையில் நூல் கட்ட வாறவனுக்குக் கையை நீட்டாதேங்கோ, கட்டிப்போட்டுக் காசு கேட்பான்.

கடைக்குள் நுழைஞ்ச உடன 'போன்ஜூர் மதாம்', வெளியேற 'ஓ ருவா'. இதைச் சொல்லாமல் விலை கேட்டால்தான் முகம் சுளிக்கினம், பிறகு பாரிஸ்காரர் திமிர் எண்டு நாங்கள் கதைக்கிறம்! மேசையில் பாணைத் தட்டில் வைக்காமல் பக்கத்தில் விரிப்பில் வைப்பினம். சீஸ் இனிப்புக்கு முதல், கோப்பி இனிப்புக்குப் பிறகு. 'யூன் கராஃப் தோ' எண்டால் குழாய்த்தண்ணி சும்மா வரும். சேவைக்காசு பில்லிலேயே இருக்கு.

கிண்ணியாக் கரை:

ஸ்காஃபும் அபாயாவும் தெருவிலயும் அருங்காட்சியகத்திலயும் பிரச்சினை இல்லை. முகம் மூடத்தான் 2011இலிருந்து தடை, 150 யூரோ வரை அபராதம். பாரிஸ் பெரிய பள்ளிவாசல் 1926இல் திறந்தது. வெள்ளிக்கிழமை சுற்றிப் பார்க்க விடமாட்டினம், பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் புதினாத் தேத்தண்ணி குடிக்கலாம். சலாட்டிலும் கீஷ் எண்ட முட்டைப் பையிலும் 'லார்தோன்' எண்டு பன்றித் துண்டு கிடக்கும், கேட்டுச் சாப்பிடுங்கோ. வெங்காய சூப்பும் அநேகமாய் மாட்டிறைச்சித் தண்ணியில்தான், ஆனபடியால் மரக்கறிக்காரருக்கும் ஆகாது. வெள்ளிக்கிழமை லாச்சப்பலில் தோசை சாப்பிடுறது லேசு.

ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் அவென்யூ த சுஃப்ரேன் எண்டு ஒரு தெரு. 1782இல் ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடிச்ச கடற்படைத் தளபதியின்ர பேர்தான் அது.

உப்புவெளிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை இறங்குறம். மெற்றோவுக்குக் கிழமைப் பாஸ் எடுக்கவோ? துணி வாங்கினால் வரி திருப்பி வருமோ?

ஊசிநூல்:

கிழமைப் பாஸ் திங்கள் தொடங்கி ஞாயிறு முடியுது, வாங்கின நாளிலிருந்து ஏழு நாள் இல்லை. வெள்ளி இறங்குறவைக்கு அந்தக் கிழமைப் பாஸ் விற்கவும் மாட்டினம். முதல் மூண்டு நாளும் நவிகோ ஈசி அட்டையில் தனி ரிக்கெற் ஏற்றுங்கோ, திங்கள் காலை கிழமைப் பாஸ். அதுக்கு வேற அட்டை, 5 யூரோ, சின்னப் படம் ஒண்டு வேணும். ஈசி அட்டை ஆளுக்கொண்டு.

வரி: ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி 'தெதாக்ஸ்' எண்ட வரி திருப்புற படிவம் கேளுங்கோ. நாலு பேரின்ர பில்லை ஒண்டாய்ச் சேர்க்கேலாது, ஒராளின்ர பேரில் வாங்கவேணும். இடைத்தரகர் கழிச்சு கையில் கிட்டத்தட்ட 12 வீதம் வரும். விமான நிலையத்தில் பெட்டியைக் கையளிக்க முதல் 'பாப்லோ' இயந்திரத்தில் படிவத்தை வருடுங்கோ. பச்சை வந்தால் சரி. சிவப்பு வந்தால் சுங்க மேசைக்குச் சாமானோட போகவேணும், பெட்டி அதுக்கு முதல் போயிட்டால் காட்ட ஒண்டும் இராது.