வீட்டு வரியை கிரெடிட் கார்டில் கட்டினால் 5% லாபமாம்!

கணக்குப்புலி:
ஏப்ரல் 30 நெருங்குது மக்களே. சென்னை மாநகராட்சியில அரையாண்டு சொத்து வரியை முதல் 30 நாளுக்குள்ள கட்டினா 5% தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபா. கையில காசு இல்லையேன்னு விட்டுடாதீங்க, கிரெடிட் கார்டுல தேய்ச்சுடுங்க. 5% சும்மா வருது. இதுகூடத் தெரியாம செப்டம்பர் வரைக்கும் இழுக்கிறவங்களை என்ன சொல்றது?

மடிப்பாக்கம்காரி:
"சும்மா வருது"ன்னு எழுத எப்படி மனசு வந்தது தம்பி? போன வருஷம் என் நாத்தனார் வீட்டுல இப்படி ஒரு யோசனையைக் கேட்டுத்தான் கட்டினாங்க. வரி 8,200. தள்ளுபடி 410. கார்டுல போனது 7,790. பில்லு வந்துச்சு, "குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 390"ன்னு கொட்டை எழுத்துல. ஸ்கூல் ஃபீஸ் நேரம், அந்த 390-ஐ மட்டும் கட்டினாங்க. அப்புறம்தான் ஆரம்பிச்சது. மாசம் மூணரை வட்டி, 272 ரூபா. அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி., 49 ரூபா. ஆக மாசம் 321. அதுவும் பில் தேதியில இருந்து இல்ல, தேய்ச்ச தேதியில இருந்து. ரெண்டாவது பில்லுலயே உங்க 410 போய்ச் சேர்ந்துடுச்சு.

கணக்குப்புலி:
முழுசா கட்டாதது அவங்க தப்பு, அதுக்கு நான் என்ன பண்ண? நான் சொன்னது 5%. பேங்க்ல ஒரு வருஷம் டெபாசிட் போட்டாலே 6, 7%தான் வருது. இங்க அரை வருஷத்துக்கே 5%. கார்டுல 45 நாள் வரைக்கும் வட்டியே கிடையாது. நான் எத்தனை வருஷமா பண்றேன், ஒரு பைசா வட்டி கட்டினது இல்ல.

மடிப்பாக்கம்காரி:
"கையில காசு இல்லையேன்னு விட்டுடாதீங்க"ன்னு ஆரம்பிச்சது யாரு? மேல போய்ப் படிங்க. ஏப்ரல்ல காசு இல்லாதவனுக்கு ஜூன்ல எங்கேருந்து வரும்? ஜூன்ல புஸ்தகம், யூனிஃபார்ம், வேன் காசு. உங்களை மாதிரி சம்பளக்காரருக்கு 45 நாள்ல பணம் வரும், அதனால 410 லாபம். அதை ஊருக்கெல்லாம் யோசனையா எழுதாதீங்க. செப்டம்பர் 30 வரைக்கும் கட்டாம இருந்தா போறது அந்த 410 மட்டும்தான். அதைத் தாண்டினாலும் மாநகராட்சி போடுறது மாசம் 1%. உங்க கார்டு போடுறது மூணரை. ஒரு வட்டிக்குப் பயந்து மூணரை வட்டியில போய் விழச் சொல்றீங்க.

கணக்குப்புலி:
5% ஐந்து சதவீதம்தான். நீங்க எத்தனை தடவை சுத்தி வளைச்சாலும் அது மாறாது.

பழைய_மயிலை:
5 சதவீதத்துக்கு இப்படி அடிச்சுக்கிறீங்களே, 2022-ல வரியை ஏத்தினதைப் பத்தி யாராவது பேசுறீங்களா? எங்க வீடு 1,200 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல. ஒரே அடியில 100% ஏறிச்சு. ஓய்வூதியத்துல வாழறவனுக்கு அது ரெட்டிப்புன்னு யோசிச்சாங்களா? அது போதாதுன்னு 2024 செப்டம்பர்ல மாநகராட்சி மன்றத்துல தீர்மானம் போட்டு இன்னொரு 6%. இந்த 5% தள்ளுபடி யாருக்கு வேணும்?

கணக்குப்புலி:
சார், 1998-க்கு அப்புறம் 2022 வரைக்கும் சென்னையில எந்த வரி ஏத்தமும் நிலைக்கல. 2018-ல குடியிருப்புக்கு 50% ஏத்தினாங்க, 2019 நவம்பர்ல அதையும் நிறுத்தி வச்சாங்க. ஏத்தாட்டி 15-வது நிதி ஆணையத்தோட மானியம் வராதுன்னு நிலைமை. இருபது வருஷத்துக்கு மேல பழைய வரியில வாழ்ந்துட்டு இப்போ புலம்பினா எப்படி?

பழைய_மயிலை:
புலம்பலா? 2018-ல ஏத்தினப்போ எதிர்த்தவங்கதான் 2022-ல ஏத்தினாங்க. 2018-ல ஏத்தினவங்க 2022-ல ரோட்டுல இறங்கிப் போராடினாங்க. நடுவுல நாங்க. நீங்க எனக்கு நிதி ஆணையம் பாடம் எடுக்க வேண்டாம்.

மடிப்பாக்கம்காரி:
பழைய மயிலை சார், உங்க வருத்தம் நியாயம். ஆனா 2011-ல சென்னையோட சேர்த்த எங்க பக்கத்துக்கும் அதே அளவு வீட்டுக்கு 75% ஏத்தினாங்க. உங்களுக்கு நூறு வருஷமா சாக்கடை இருக்கு. எங்க தெருவைக் குழாய் போடத் தோண்டினவங்க மூடாம போனதுல மழை வந்தா ஆட்டோக்காரரே உள்ள வர மாட்டேங்கிறார். வரி மட்டும் மாநகராட்சி வரி.

பழைய_மயிலை:
75-உம் 100-உம் ஒண்ணா மேடம்? உங்க அடிப்படை மதிப்பே குறைச்சல். அதுமேல ஏறினதும் குறைச்சல். எங்க தெருவுல ஒரு சதுர அடிக்குப் போட்டிருக்கிற மதிப்பைப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.

மடிப்பாக்கம்காரி:
மயிலாப்பூர்ல இடம் வச்சிருக்கிறது கஷ்டம்னு மடிப்பாக்கத்துல இருக்கிறவகிட்ட சொல்றீங்க. சரி சார், அதை விடுங்க. கணக்குப்புலி தம்பி இன்னும் எனக்குப் பதில் சொல்லல. 7,790-க்கு அஞ்சு மாசம் மூணரை வட்டி எவ்வளவு?

வாடகைவாசி:
வரி ஏறினது ஓனருக்கு. ஏறினது எவ்வளவுன்னு கேட்டேன், ரசீதைக் காட்டவே மாட்டேன்னுட்டார். அரை வருஷத்துக்கு ஏறினதை எங்க வாடகையில மாசா மாசம் ஏத்திட்டார். வீடு வச்சிருக்கிறவங்க எல்லாரும் சேர்ந்து அழுவுறீங்க. கட்டுறது யாரு?

பழைய_மயிலை:
வாடகைக்கு விட்டவன் எல்லாம் கோடீஸ்வரனா? லிஃப்ட் ரிப்பேர், பெயின்ட், தண்ணி வரி, கழிவுநீர் வரி, இதையெல்லாம் யார் தலையில கட்டுறது?

வாடகைவாசி:
எங்க தலையிலதான். அதைத்தானே சொன்னேன்.

கொங்குத்தமிழன்:
ஏனுங்க, எதுக்குங்க கார்டு? கோயமுத்தூர்லயும் 2022-ல இதே கதைதானுங்க. நாங்க ஒரு பவுன் சங்கிலியை பேங்க்ல வச்சுக் கட்டிப்போட்டோம். மாசம் முக்கால் வட்டிதானுங்க வருது. ஆடி கழிச்சு மீட்டுக்கலாம்.

மடிப்பாக்கம்காரி:
அண்ணா, உங்களுக்கு வைக்க ஒரு பவுன் இருக்கு. கழுத்துல கிடக்கிறதை வச்சு வீட்டு வரி கட்டச் சொன்னா எங்க வீட்டுல யாரும் ஒத்துக்க மாட்டாங்க. கார்டு கேள்வி கேட்காது, கையெழுத்து கேட்காது, அதனாலதான் ஜனங்க அதுல போய் விழறாங்க. நகைக்கடன்ல தவணை தவறினா நோட்டீஸ் வரும், உஷாராயிடுவோம். கார்டுல குறைந்தபட்சம் கட்டினா "நன்றி"ன்னு எஸ்.எம்.எஸ். வருது. இன்னொண்ணு தெரியுமா? பாக்கி இருக்கும்போது அதே கார்டுல மளிகை வாங்கினா அதுக்கும் அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும், 45 நாள் சலுகை செத்துப் போச்சு. நாத்தனார் வீட்டுல அரிசி, எண்ணெய், கேஸ் சிலிண்டர் எல்லாத்துக்கும் வட்டி கட்டியிருக்காங்க. பில்லை வரி வரியா நான்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

கணக்குப்புலி:
பயமுறுத்தாதீங்க. கார்டை ஒழுங்கா வச்சிருக்கத் தெரியாதவங்களுக்காக தெரிஞ்சவங்க 5% விடணுமா?

வாடகைவாசி:
வட்டி பத்திப் பேசுறதால ஒண்ணு. 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் கார்டு வட்டி வருஷம் 30%-க்கு மேல வாங்குறது நியாயமில்லாத வணிகம்னு சொல்லியிருந்தது. 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. நம்ம ஊர்ல கந்துவட்டிக்கு 2003-லேயே சட்டம் இருக்கு. கார்டுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது.

மடிப்பாக்கம்காரி:
கேட்டுக்குங்க கணக்குப்புலி தம்பி. மூணரையை பன்னெண்டால பெருக்கிப் பாருங்க, 42. இதைத்தான் "சும்மா"ன்னு எழுதினீங்க.

கணக்குப்புலி:
முழுசா கட்டினா பூஜ்யம். பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம். போன தடவை ஏலச்சீட்டு பத்தி பேசினப்பவும் நீங்க இப்படித்தான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

மடிப்பாக்கம்காரி:
ஏலச்சீட்டை இங்க எதுக்கு இழுக்கிறீங்க? அன்னைக்கு பதிவு செய்யாத சீட்டுல போடச் சொன்னீங்க, வேண்டாம்னேன். இன்னைக்கும் வேண்டாம்ங்கிறேன். அன்னைக்கும் நீங்க பதில் சொல்லாம போனீங்க.

கணக்குப்புலி:
அந்தச் சீட்டு ஒழுங்கா முடிஞ்சது. பணம் கைக்கு வந்தது.

கொங்குத்தமிழன்:
சீட்டு முடிஞ்சதாங்க? எத்தனை மாசச் சீட்டு, தள்ளு எவ்வளவு போச்சுங்க?

பழைய_மயிலை:
இங்க வரியைப் பத்திப் பேச வந்தா சீட்டு விசாரிக்கிறாங்க. வருஷா வருஷம் 6% ஏறிட்டே போனா பன்னெண்டு வருஷத்துல மறுபடியும் ரெட்டிப்பு. அதுக்கு ஒருத்தரும் வாய் திறக்கல.

வாடகைவாசி:
எங்க ஓனர் உங்களைவிட வேகம் சார். அவர் வருஷத்துக்கு 10%.

கணக்குப்புலி:
நான் இன்னைக்குக் கட்டிட்டேன். தள்ளுபடி 360 ரூபா. ரசீது கையில இருக்கு. 5% கிடைச்சது, அவ்வளவுதான் என் வாதம்.

மடிப்பாக்கம்காரி:
உங்களுக்குக் கிடைக்காதுன்னு நான் எங்கே சொன்னேன்? கையில காசு இல்லாதவங்களைக் கார்டுல தேய்க்கச் சொன்னீங்களே, அந்த வாக்கியத்தை இன்னும் அழிக்காம வச்சிருக்கீங்க. அதை எடுங்க. இல்லன்னா 7,790-க்கு அஞ்சு மாச வட்டியை ஜி.எஸ்.டி.யோட அதுக்குக் கீழயே எழுதுங்க. ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது, நான் போட்டுப் பார்த்துட்டேன்.

கணக்குப்புலி:
எடுக்க மாட்டேன். 5% 5%தான்.